660 பெரிசா, 600 பெரிசா?

அக்கா மகன் முதல் சம்பளம் வாங்கியிருக்கிறான். அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்குச் சட்டை, தெருமுனைப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் எல்லாம் ஆயிற்று. மிச்சத்தில் தனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ள ஆசை. நல்லதாக ஒரு ஹெட்போன்.

"மாமா, சென்ஹைசர்ல 600 இருக்கு, 650 இருக்கு, 660 எஸ் 2 இருக்கு. 660 தானே கடைசியா வந்தது? அப்ப அதுதானே பெஸ்ட்?"

"யார்றா சொன்னது?"

"நம்பரே சொல்லுதே மாமா. விலையும் அப்படித்தான் ஏறிட்டே போகுது."

அவன் மேல் தப்பில்லை. போன் வாங்கினாலும் டி.வி. வாங்கினாலும் பெரிய நம்பர் என்றால் புதுசு, புதுசு என்றால் உசத்தி என்றுதான் நமக்கெல்லாம் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் அவன் கேட்ட இந்தக் குடும்பத்தில் அந்தக் கணக்கு செல்லாது. 1997-ல் வந்த 600 இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. அதற்கு அடுத்து வந்த தம்பியும் கிடைக்கிறான். அதற்கும் அடுத்தவன்தான் காணாமல் போய்விட்டான். அது ஏன் என்று அவனிடம் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்கு வடக்கே வென்னபோஸ்டல் என்றொரு கிராமம். இரண்டாம் உலகப்போர் முடிந்த சூட்டோடு, 1945-ல், ஃப்ரிட்ஸ் சென்ஹைசர் என்ற பொறியாளர் அங்கே சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். முதலில் செய்தது மின்னழுத்தம் அளக்கும் கருவி. பிறகு மைக். ஹெட்போன் வரலாற்றில் அவர்கள் பெயர் நிலைத்தது 1968-ல், ஹெச்.டி 414 வந்தபோதுதான்.

அதுவரை ஹெட்போன் என்றால் காதை இறுக்கி மூடும் கனமான கிண்ணம். விமானி போடுவது மாதிரி இருக்கும். 414-ல் பின்பக்கத்தைத் திறந்து விட்டார்கள். ஹெட்போனுக்குள் இருக்கும் டிரைவர், அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடு, முன்னாலும் ஒலியைத் தள்ளும், பின்னாலும் தள்ளும். மூடிய கிண்ணத்தில் பின்னால் போன ஒலி சுவரில் முட்டித் திரும்பி வந்து முன்னால் போவதோடு கலந்துவிடும். பானைக்குள் தலையை விட்டுப் பேசினால் குரல் எப்படிக் கேட்கும்? அந்த மாதிரி. திறந்துவிட்டால் பின்னால் போவது போய்ச் சேரட்டும், முன்னால் வருவது சுத்தமாக வரும். காதின் மேல் மஞ்சள் ஸ்பாஞ்ச், கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஒரு கோடிக்கு மேல் விற்றதாக நிறுவனம் சொல்கிறது.

திறந்த ஹெட்போனில் ஒரு தொல்லை உண்டு, இப்போதே சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், உங்கள் பாட்டு பக்கத்து நாற்காலிக்குக் கேட்கும். பஸ்ஸில், ரயிலில், ஆபீஸில் உபயோகமில்லை. வீட்டில் உட்கார்ந்து கேட்கத்தான். எனக்கு அதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. பாட்டுக் கேட்டுக்கொண்டே குக்கர் விசிலை எண்ணலாம்.

அடுத்த கால் நூற்றாண்டில் வேறு பல மாடல்கள் வந்து போயின. நம் கதை சூடு பிடிப்பது 1990-களின் முதல் பாதியில், ஹெச்.டி 580 வந்தபோது. அக்செல் க்ரெல் என்ற பொறியாளர் 1991-ல் சென்ஹைசரில் சேர்ந்தவர். 580, 600, 650 மூன்றின் ஒலிக்கும் பின்னால் பெரிதும் இருந்தவர். காது வட்டமாக இல்லை, முட்டை வடிவில், அதுவும் கொஞ்சம் சாய்ந்து இருக்கிறது அல்லவா? 580-ன் மெத்தையும் அப்படியே. காதைத் தொடாமல் சுற்றி உட்காரும். மேலே வெல்வெட் மாதிரித் துணி. அன்றைக்குப் போட்ட இந்த எலும்புக்கூடு முப்பது வருஷமாகியும் பெரிதாக மாறவில்லை.

580-ன் வெளிப்பக்க மூடி பிளாஸ்டிக் சட்டங்களால் ஆனது. 1995-ல் நிறுவனத்துக்கு ஐம்பது வயது. அதைக் கொண்டாட 'ஜூபிலி' என்று ஒரு சிறப்புப் பதிப்பு போட்டார்கள். பிளாஸ்டிக்குக்குப் பதில் உலோக வலை. காற்று இன்னும் தாராளமாகப் போய்வரும். அந்த ஜூபிலிதான் கொஞ்சம் உடை மாற்றி 1997-ல் ஹெச்.டி 600 என்ற பெயரில் நிரந்தரமாக வந்தது. உலோக வலை மட்டும் தனியாகக் கிடைத்ததால், பழைய 580 வைத்திருந்தவர்கள் அதை வாங்கி மாட்டி, கால்வாசி செலவில் தங்கள் பழசை முக்கால்வாசிப் புதுசாக்கிக்கொண்டார்கள். எந்தக் கம்பெனி இன்று இதை அனுமதிக்கும்?

600-ன் நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. நீலமும் சாம்பலும் கலந்து புள்ளிபுள்ளியாக, பளிங்குக்கல் மாதிரி. எண்பதுகளில் கட்டிய நம் வீடுகளில் மொசைக் தரை இருக்குமே, அதைப் பெயர்த்து ஹெட்போன் செய்தாற்போல இருக்கும். நிறையப் பேர் சிரித்தார்கள். அந்தத் தரையில் தவழ்ந்து வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, எனக்குப் பிடிக்கும்.

இனி ஒலி. இங்கேதான் மருமகனுக்குக் கொஞ்சம் நேரமெடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 'உள்ளது உள்ளபடி' ஒலிக்கும் ஹெட்போன் என்று விளம்பரத்தில் போடுவார்கள். அப்படி ஒன்றைச் செய்வதில் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. எதிரே ஒருவர் பாடும்போது, அந்த ஒலி நம் தோளில் பட்டு, காது மடலில் வளைந்து, காதுக்குழியில் நுழைந்து செவிப்பறைக்குப் போகிறது. இந்த வழியில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளை நம் காதே தூக்கிக் கொடுத்துவிடுகிறது. குழந்தை அழுகையும், பேச்சின் தெளிவும் நமக்குச் சட்டென்று உறைப்பதில் இதற்கும் பங்குண்டு. ஹெட்போன் காதின் வாசலிலேயே உட்கார்ந்துகொள்வதால் இந்த வழியில் பாதி அடைபட்டுவிடுகிறது. ஆகவே அந்த மேட்டில் ஒரு பகுதியை ஹெட்போனே போட்டுக் கொடுக்க வேண்டும். எவ்வளவு உயரம், எந்த இடத்தில் சரிவு? ஆளுக்கு ஆள் காது வேறு. அதனால் கடைசியில் ஒரு மனிதர் உட்கார்ந்து 'இது போதும்' என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. சாம்பாருக்கு உப்புப் போடுவது மாதிரி. படி அளவெல்லாம் ஓரளவுக்குத்தான்.

600-ல் அந்த உப்பு கச்சிதமாக விழுந்தது என்று உலகம் முழுக்க ஒலிப்பதிவுக்காரர்கள் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகச் சொல்கிறார்கள். மனிதக் குரல் இருக்கும் நடுப்பகுதி அதன் பலம். பாடகர் பல்லவியை எடுப்பதற்கு முன் இழுக்கும் மூச்சு, வீணைத் தந்தியில் விரல் வழுக்கும் சத்தம், பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் தம்புராவின் இழை எல்லாம் தனித்தனியாக, இருந்த இடத்தில் இருக்கும். எதுவும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வராது.

குறையும் இருக்கிறது. அடித்தளம் மெலிவு. திறந்த ஹெட்போன் எல்லாவற்றுக்கும் ஓரளவு உள்ள வியாதிதான். தாழ்ந்த ஒலியை உண்டாக்க நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், இங்கே காற்று பின்பக்கமாக நழுவிவிடுகிறது. மிருதங்கத்தின் வலந்தலை கணீரென்று கேட்கும். தொப்பியில் விழும் கும்கி 'இருக்கிறது' என்று தெரியும், வயிற்றில் இறங்காது. எண்பதுகளின் இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாரின் நடை அழகாகத் தெரியும், எடை தெரியாது.

2003-ல் 650 வந்தது. இதைச் சிலர் 600-ன் குறை தீர்த்த பதிப்பு என்பார்கள். எனக்கென்னவோ அதே சமையல்காரர் இன்னொரு வீட்டுக்காகச் சமைத்தது மாதிரிதான் படுகிறது. டிரைவர் அடிப்படையில் அதே வம்சம். அதன் அதிர்வை அடக்க நுணுக்கமாக நெய்த ஒரு பட்டுத்துணியைச் சேர்த்தார்கள். இடது, வலது டிரைவர்களைக் கவனமாக ஜோடி பொறுக்கிப் போட்டார்கள். மொசைக் போய் உலோகச் சாம்பல் வந்தது. ஒலி கொஞ்சம் கதகதப்பானது. கீழ்ப்பகுதி சதைப்பிடிப்பு, மேல்ப்பகுதி ஒரு பிடி அடக்கம். மோசமாகப் பதிவான பழைய பாட்டுகளை 600 காட்டிக்கொடுத்துவிடும், 650 பெரியமனுஷத்தனமாக மன்னித்துவிடும்.

இந்த அடக்கத்தைத்தான் ஒரு கூட்டம் 'திரை' என்று சொல்லத் தொடங்கியது. பாடகருக்கும் நமக்கும் நடுவில் மல் துணி தொங்குகிறதாம். இன்னொரு கூட்டம், திரை அல்ல, 600-தான் விளக்கை முகத்துக்கு நேராகப் பிடிக்கிறது என்றது. இருபது வருஷமாகத் தீராத வழக்கு இது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் நடுவில் இருப்பது சின்ன வித்தியாசம்தான். பாட்டு மாறினால் தெரியும் வித்தியாசத்தில் பாதிகூட இராது. ஆனாலும் மனிதர்கள் சண்டை போடுவதற்குப் பெரிய வித்தியாசம் தேவையில்லை என்பதை நாம் கல்யாண வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம்.

600-ம் 650-ம் 300 ஓம் சுமை கொண்டவை. ஓம் என்பது மின்சாரத்துக்கு அது காட்டும் தடை. இவ்வளவு தடையைத் தள்ளிக்கொண்டு ஒலிக்க மின்னழுத்தம் கூடுதலாக வேண்டும். வீட்டு ஆம்ப்ளிஃபயரில் செருகினால் பிரச்னை இல்லை. செல்போன் வந்தபிறகுதான் வம்பு. போனில் வால்யூமைக் கடைசிவரை ஏற்றினாலும் சோகையாக ஒலிக்கும். 'இவ்வளவு காசு கொடுத்து வாங்கி இதுதானா?' என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

நடுவில் ஒரு கிளைக்கதை. 2016-ல் மாஸ்டிராப் என்ற அமெரிக்க இணையக் கடை, ஆட்களைச் சேர்த்து மொத்தமாக ஆர்டர் கொடுத்து விலை குறைப்பதுதான் அவர்கள் வியாபாரம், சென்ஹைசரோடு பேசி 650-ஐ வேறு பெயரில் போட வைத்தது. பெயர் ஹெச்.டி 6 எக்ஸ் எக்ஸ். அடர்நீல வண்ணம், நீளம் குறைந்த ஒயர், முனையில் சின்ன பின். மற்றபடி 650-தான். 650-க்குப் போட்டிருந்த விலை சுமார் 500 டாலர். இதற்கு 199.99. புதுக் கண்டுபிடிப்பு என்று எதுவுமில்லை, நம்பரில்கூட இரண்டு எழுத்தை 'எக்ஸ்' போட்டு மறைத்துவிட்டார்கள். ஆனாலும் இந்தக் குடும்பத்தில் மாணவர்கள், இளைஞர்கள் கைக்கு அதிகம் போய்ச் சேர்ந்த பதிப்பு இதுவாகத்தான் இருக்கும். பதின்மூன்று வயதான ஒரு பொருளுக்கு விலையை மட்டும் சரி செய்தார்கள், வரிசை நின்றது.

அடுத்த வருஷமே, 2017-ல், 660 எஸ். புது டிரைவர், முழுக்கக் கறுப்பு. தடையைப் பாதியாக்கி 150 ஓம் ஆக்கினார்கள். கையடக்கக் கருவிகளோடும் ஒத்துப்போகட்டும் என்ற கணக்கு. நியாயமான கணக்கு. 650-ன் நாற்காலியில் இதைத்தான் உட்கார வைப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒலியும் 600-க்கும் 650-க்கும் நடுவில் எங்கேயோ ஆரம்பித்து, பாடகரை ஓரடி பின்னால் தள்ளி நிறுத்தியது. மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த வம்சத்தைத் தேடி வருகிறவர்கள் அந்தக் குரலுக்காகத்தான் வருகிறார்கள். அவர்கள் கேட்டுப் பார்த்துவிட்டுப் பழசையே வாங்கினார்கள். 650 நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இதற்கிடையில் வீட்டிலும் பாகப்பிரிவினை. ஃபோனாக் என்ற பெயரில் காதுகேட்கும் கருவி செய்யும் சுவிட்சர்லாந்து நிறுவனம் சொனோவா. 2022-ல் சென்ஹைசரின் வீட்டு உபயோகப் பிரிவு, ஹெட்போன்கள் உள்பட, அதன் கைக்குப் போனது. மேடை மைக், ஸ்டூடியோ சாமான் பிரிவைக் குடும்பமே வைத்துக்கொண்டது. ஹெட்போன் விற்கும் கடையும் காதுகேட்கும் கருவி விற்கும் கடையும் ஒரே முதலாளியிடம் என்று கேட்டதும் மருமகன் சிரித்தான். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளடா, இரண்டாவது கடைக்குப் போக வேண்டியிருக்காது என்றேன்.

புது முதலாளியிடம் 2023-ல் வந்தது 660 எஸ் 2. இதைப் படிக்கும்போது கவனியுங்கள்: தடை மறுபடி 300 ஓம். ஆறு வருஷம் முன்னால் விட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டார்கள். கம்பிச்சுருளை இன்னும் மெல்லியதாக, எடை குறைவாகச் சுற்றினால் ஒலி சுறுசுறுப்பாகும் என்று காரணம் சொன்னார்கள். உண்மையான மாற்றம் வேறொன்று. டிரைவரின் இயல்பான அதிர்வெண்ணை 110 ஹெர்ட்ஸிலிருந்து 70 ஹெர்ட்ஸுக்கு இறக்கினார்கள். அதாவது 580 காலத்திலிருந்து இருந்த அந்த அடித்தள மெலிவில் முதல்முறையாக நேரடியாகக் கை வைத்தார்கள். பலன் தெரிகிறது. கும்கி இறங்குகிறது. பேஸ் கிட்டாருக்கு எடை வந்துவிட்டது. அதற்கு விலையாக நடுப்பகுதி சற்றே கனத்துவிட்டது. குரலைச் சுற்றி 600-ல் இருக்கும் காற்றோட்டம் இதில் இல்லை. வந்தபோது விலை 599.95 டாலர்.

ஆக 580, 600, 650, 660 என்று நம்பர் ஏறிக்கொண்டே போனதே தவிர, உள்ளே நடந்தது ஏணி ஏறுவது மாதிரி இல்லை. ஒரு தடவை கதகதப்பு, ஒரு தடவை போனுக்கு வசதி, அப்புறம் அதை வாபஸ் வாங்கி அடித்தளம். ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொண்டது.

மருமகனை என் நண்பர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். ஒலிப்பதிவு வேலை. அவரிடம் இருக்கும் 600-க்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. பையனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"அங்கிள், இது இன்னும் ஓடுதா?"

நண்பர் பதில் சொல்லாமல் அதைக் கழற்ற ஆரம்பித்தார். ஸ்க்ரூடிரைவர் கிடையாது, சால்டரிங் கிடையாது. இரண்டு பக்க ஒயரையும் இழுத்தார், வந்துவிட்டது. மெத்தையைப் பிதுக்கி எடுத்தார். உலோக வலையை நகத்தால் நெம்பினார். கடைசியில் டிரைவரையே அதன் கூட்டிலிருந்து வெளியே எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. தலையில் படும் பஞ்சு தொட்டு எல்லாமே தனித்தனி உதிரி பாகம். "ஒயர் மூணு தடவை மாத்தியிருக்கேன். மெத்தை எத்தனை தடவைன்னு கணக்கில்லை" என்றார்.

மெத்தை விஷயத்தில் அவர் சொன்ன ஒன்றை ஹெட்போன் வைத்திருக்கும் யாரும் குறித்துக்கொள்ளலாம். சில வருஷம் முன்னால் ஒருநாள் அவருக்குத் திடீரென்று சந்தேகம். ஒலி முன்போல இல்லை, மூக்கால் பாடுவது மாதிரி நடுப்பகுதி மட்டும் உந்திக்கொண்டு நிற்கிறது. டிரைவர் போய்விட்டது என்று முடிவுகட்டி, புது மாடல் வாங்குவதற்கு விலைகூடக் கேட்டுவிட்டார். சும்மா பார்ப்போமே என்று மெத்தையை மாற்றினார். பழைய ஒலி அப்படியே திரும்பி வந்தது. ஆண்டுக்கணக்கில் அமுங்கிய மெத்தையால் டிரைவர் காதுக்கு நெருக்கமாக வந்துவிட்டிருந்தது. அந்தச் சில மில்லிமீட்டர் போதும். 600-க்கும் 650-க்கும் இருக்கும் வித்தியாசத்தைவிடப் பெரிய வித்தியாசம் அது. உங்கள் தலையிலேயே உங்களுக்குத் தெரியாமல் ஒரு புதுப் பதிப்பு உருவாகிவிடுகிறது.

இன்று விற்கும் ஒயரில்லா ஹெட்போன்களை நினைத்துப் பார்த்தேன். அவற்றால் முடிகிற காரியங்கள் இதனால் முடியாது; ரயில் சத்தத்தை அடக்கும், போன் பேசும். ஆனால் உள்ளே பேட்டரி இருக்கிறது, நாளடைவில் அது சோர்ந்துவிடும். பல மாடல்களில் அதை மாற்றுவது வாங்கியவர் கையால் ஆகிற வேலை இல்லை. அதோடு கதை முடிந்தது.

நண்பர் 660 எஸ் 2 ஒன்றையும் வரவழைத்து வைத்திருந்தார். பையன் மத்தியானம் முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டான். சினிமாப் பாட்டுக்குப் புதியதை எடுத்தான், தலை ஆடியது. பிறகு அவன் பாட்டி கேட்கும் கச்சேரி ஒன்றை 600-ல் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் அதைக் கழற்றவில்லை. காப்பி வந்து ஆறியது.

"மாமா, இதுவே போதும். மிச்சக் காசுல ஒரு ஆம்ப் வாங்கிடலாமா?"

வாங்கினான். சின்னதாக ஒரு ஆம்பும் வந்தது. புது 600 தலையை உடும்புப் பிடியாகப் பிடிக்கும் என்று அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டே பாட்டில் கன்னம் வலிக்கிறது என்று போன் செய்தான். தலையைவிடக் கொஞ்சம் அகலமான ஏதாவது ஒன்றின் மேல் சில நாள் ராத்திரி மாட்டி வை, தளர்ந்துவிடும் என்றேன். போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டி அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்த தொடர்கதைகள் மூன்று வால்யூம், அவன் மேஜையில் அடுக்கி நிற்கின்றன. அதன் மேல் மொசைக் தரை நிறத்தில் ஹெட்போன்.